வியாழக்கிழமை அணை வண்டி

பணிமனையில் நூற்று எண்பது பேர் வேலை பார்த்தார்கள். அத்தனை பேரும் எந்த நாள் எந்த வண்டியில் ஏற வேண்டும், எத்தனை மணிக்கு இறங்கலாம் என்று எழுதுகிறவர் ஒரே ஒருவர். அவரை எல்லோரும் டைம்கீப்பர் என்றார்கள். பெற்றோர் வைத்த பெயர் ஒன்று சம்பளச் சீட்டில் இருந்தது; வேறெங்கும் அது புழங்கவில்லை. கோபம் வந்தால் அவர் மனைவிகூட, "டைம்கீப்பர் சார் சாப்பிட வர்றாரா, இல்ல அதுக்கும் சார்ட் போடணுமா?" என்றுதான் கூப்பிடுவார்.

காலை ஐந்தரைக்கு வாசல் கூண்டில் உட்காருவார், மதியம் இரண்டுக்கு எழுந்திருப்பார். போகிற வண்டிக்கு ஒரு கோடு, வருகிற வண்டிக்கு ஒரு கோடு. மாதத்தில் மூன்று நாள் மட்டும் வேறு வேலை. நான்கு தாள்களை ஒட்டி, பென்சிலும் ரப்பரும் அடிக்கோலும் வைத்துக்கொண்டு அடுத்த மாதத்துப் பணிப் பட்டியலைப் போடுவார். அந்தத் தாளுக்கு முன்னால் அவர் குனிந்துவிட்டால் யாரும் பேச்சுக் கொடுக்க மாட்டார்கள். தொந்தரவு செய்தால் ஞாயிற்றுக்கிழமை மதிய டூட்டி விழும் என்று ஒரு பயம். அது பொய், அவர் அப்படிப் பழி வாங்குகிறவர் இல்லை. ஆனால் அந்தப் பட்டியலுக்குள் பதினோரு வருடமாக ஒரு சின்னக் களவு இருந்தது.

டைம்கீப்பர் பாட்டுக் கட்டுகிறவர். இருபது வயதிலிருந்தே. கோடு போட்டுக்கொண்டே மெட்டு ஒன்றை வாய்க்குள் உருட்டுவார். வண்டி எண் எழுத வேண்டிய இடத்தில் பாட்டின் வரி விழுந்து, ரப்பர் தேடிய நாட்கள் உண்டு. பணிமனையில் அவரைப் போல இன்னும் நான்கு பேர் இருந்தார்கள். நடத்துநரம்மா ஒருவர், இரண்டு விசில் கொடுத்தால் எந்த ஓட்டுநரும் மறுபேச்சில்லாமல் வண்டியை எடுப்பதால் அவர் பெயர் ரெண்டு விசில். மவுத் ஆர்கன் வாசிக்கிற மெக்கானிக் கிரீஸ். ஓட்டுநர்கள் இரண்டு பேர்; ஒருவர் அக்காளை இன்னொருவர் கட்டியிருந்ததால் மாமன், மச்சான். மாமன் மெட்டு போடுவார். மச்சான் அது ஏற்கெனவே எங்கோ கேட்ட மெட்டு என்பார். அதைச் சொல்வதற்கே பிறந்தவர் போல.

இவர்கள் ஐந்து பேரும் ஒரே மதியத்தில் ஓய்வாக இருக்க வேண்டும் என்பதுதான் களவு. டயர் கிடங்குக்குப் பின்னால் ஒரு சின்ன அறை. மெஷின் வருவதற்கு முந்தைய காகித டிக்கெட்டுகள் கட்டுக்கட்டாக அங்கே அடுக்கிக் கிடந்தன. வியாழக்கிழமை இரண்டு மணி முதல் நான்கு மணி வரை அந்த அறை பாட்டுக்காரர்களுடையது. நான்கு பேருக்கும் வியாழன் காலை டூட்டி விழும்படி டைம்கீப்பர் பட்டியல் போடுவார். கேட்கிறவர்களுக்குத் தற்செயல் என்று தோன்றும்படி மற்ற நாட்களை மாற்றி மாற்றிக் கலைத்துவிடுவார்.

அறைக்கு இரண்டு சட்டங்கள் இருந்தன. ஒருவர் பாடி முடித்ததும் கட்டிலிருந்து ஒரு டிக்கெட்டைக் கிழித்து உதட்டில் கவ்விக்கொள்ள வேண்டும். மற்ற நான்கு பேரும் பாட்டைப் பிரித்து மேய்வார்கள். டிக்கெட் விழாமல் கேட்க வேண்டும். வாயைத் திறந்து 'அது வந்து' என்று ஆரம்பித்தால் டிக்கெட் விழும், விழுந்தால் அடுத்த வாரம் பாட முடியாது. இரண்டாவது சட்டம், யாரும் 'நல்லா இருக்கு' என்று சொல்லக் கூடாது. இந்தச் சட்டம் போட்டது ரெண்டு விசில்.

"நல்லா இருக்குன்னு சொல்றது, வந்தவங்கள வாசல்லயே நிக்க வெச்சுப் பேசி அனுப்பற மாதிரி," என்றார் அவர். "திட்டு. அப்பத்தான் உள்ள கூப்பிட்டு உக்கார வெச்சேன்னு அர்த்தம்."

அப்படித் திட்டித் திட்டி அவர்கள் கட்டிய பாட்டுகள் வெளியே எங்கும் போகவில்லை. பணிமனைக்குள் போயின. ஓய்வு பெறுகிற ஒவ்வொருவருக்கும் அவர்களுக்கென்றே ஒரு பாட்டு. பிரேக் பிடிக்காத வண்டியை ஆற்று மணலில் இறக்கிய ஓட்டுநருக்கு ஒன்று. முப்பது வருடம் வண்டி கழுவிய அம்மாவுக்கு ஒன்று, அதைக் கேட்டு அந்தம்மா, "நான் இவ்வளவு தண்ணியா ஊத்தினேன்?" என்று கேட்டு அழுதார். பதினோரு வருடத்தில் முப்பத்தொரு பாட்டு. முப்பத்தொரு பேர் தங்களைப் பற்றி ஒரு பாட்டு இருக்கிறது என்கிற நினைப்போடு வீட்டுக்குப் போனார்கள். டைம்கீப்பருக்கு வாழ்க்கையில் பெருமைப்பட வேறு பெரிதாக ஒன்றும் இல்லை. மகள் வெளியூரில் கட்டிக்கொடுத்த இடத்தில் இருந்தாள்; ஞாயிற்றுக்கிழமை போன் செய்வாள். மனைவி பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை. வியாழக்கிழமை மட்டும்தான் அவரும் ஒரு ஆள்.

நான்கு பேரைக் காலைக்கு இழுத்தால் அவர்கள் ஓட்ட வேண்டிய மதிய வண்டிகளை யாராவது ஓட்டத்தானே வேண்டும். மற்றவற்றை அங்கும் இங்கும் பிரித்துக் கொடுக்க முடிந்தது. ஒரு வண்டி மட்டும் பிரிபடாது. ஒன்று இருபதுக்குக் கிளம்பும் அணை வண்டி. அணைக்கட்டு வரை போய், திரும்ப ஐந்தரை ஆகும். ஆள் கூட்டம் இல்லாத, தூக்கம் வருகிற, முதுகு வலிக்கிற வண்டி. முறைப்படி அது மாமனுக்கும் மச்சானுக்கும் மாறி மாறி வர வேண்டியது. டைம்கீப்பர் அதைச் சைலன்சருக்கு எழுதினார்.

சைலன்சரும் ஓட்டுநர்தான். நாற்பத்தைந்து வயது, கல்யாணம் ஆகவில்லை, வாயைத் திறந்து எதுவும் கேட்க மாட்டார். பணிமனையே வைத்த பெயர் அது. ஒவ்வொரு மாதமும் பட்டியல் ஒட்டினதும் எல்லோரும் முண்டியடித்துப் பார்ப்பார்கள், திட்டுவார்கள், கூண்டுக்கு வந்து கெஞ்சுவார்கள். சைலன்சர் கூட்டம் கலைந்த பிறகு வந்து, விரலால் வியாழக்கிழமையைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போவார். பதினோரு வருடமும் அங்கே அணை வண்டிதான் இருந்தது.

ஒரு நாள் காலை மேலாளர் டைம்கீப்பரைக் கூப்பிட்டு ஒரு கடிதத்தை நீட்டினார்.

"ரொட்டேஷன் கேக்கறாங்க. எல்லாருக்கும் எல்லா டூட்டியும் சுத்தி வரணுமாம். நியாயமாத்தான் இருக்கு. மேல இருந்து சரின்னுட்டாங்க. அடுத்த மாசத்துல இருந்து நீங்கதான் போட்டுத் தரணும்."

டைம்கீப்பர் கடிதத்தைப் படிக்கவில்லை. கீழே கையெழுத்துகளைப் பார்த்தார். அறுபத்திரண்டு கையெழுத்து. முதல் கையெழுத்து சைலன்சருடையது. சின்னதாக, கோட்டுக்கு மேல் படாமல்.

"இவனா?" என்றார்.

"அவருதான் எழுதிக்கிட்டு வந்தாரு. எனக்கே ஆச்சரியம். நின்னாரு, குடுத்தாரு, போயிட்டாரு."

அன்றைக்குச் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து டைம்கீப்பர் புலம்பினார். "பொண்டாட்டி பிள்ளை ஒண்ணும் கிடையாது. அவனுக்கு வியாழக்கிழமையில என்ன வந்துச்சு? வேணும்னே செய்யறான்."

அவர் மனைவி குழம்பை ஊற்றிவிட்டுக் கரண்டியை வைத்தார். "எல்லாருக்கும் நேரம் எடுத்துக் குடுத்தீங்க. எங்கிருந்து எடுத்தீங்கன்னு என்னைக்காச்சும் பாத்தீங்களா?"

"நீயும் அவங்க கட்சியா?"

"நான் எந்தக் கட்சியும் இல்லைங்க. பதினோரு வருஷமா வியாழக்கிழமை தனியா டீ குடிக்கிற கட்சி."

பணிமனை ஆட்களை ஏழு குழுவாகப் பிரிப்பதற்கு மேலாளர் நடத்துநரின் தோல்பையில் பெயர்களைப் போட்டுக் குலுக்கி எடுத்தார். பாட்டுக்காரர்கள் நான்கு பேரும் நான்கு குழுக்களில் விழுந்தார்கள். டைம்கீப்பர் புதுப் பட்டியலைப் போட்டு முடித்துவிட்டு, மூன்று முறை கணக்குப் பார்த்தார். வியாழனை விட்டுச் செவ்வாய் வைத்துப் பார்த்தார். வெள்ளி வைத்துப் பார்த்தார். ஏழு வாரம் சுற்றி முதல் வாரத்துக்கே வந்தாலும், நான்கு பேரையும் ஒரே மதியத்தில் உட்கார வைக்க வழியில்லை. அதிகம் போனால் ஒருவர். சில வாரம் அவரும் இல்லை. இரவில் கூடலாமா என்றால், காலை நான்கு மணி வண்டிக்காரர் எட்டுக்கே படுத்துவிடுவார். ரெண்டு விசிலுக்கு வீட்டில் மூன்று பிள்ளைகள். முப்பது வருடம் அடுத்தவர் நேரத்தை எழுதிய கை, தன் பாட்டுக்குத் தானே கோடு போட்டு அடித்தது.

முதல் வியாழன் ரெண்டு விசில் வந்தார். பாடினார், டிக்கெட்டைக் கவ்வினார். டைம்கீப்பர் பாதி வரை திட்டினார். ரெண்டு விசில் டிக்கெட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"வேணாம் அண்ணே. ஒரு ஆளு திட்டினா சண்டை மாதிரி இருக்கு. நாலு பேரு திட்டினாத்தான் அது வேலை."

மூன்றாவது வியாழன் கிரீஸ் வந்து, மவுத் ஆர்கனை எடுத்துத் துடைத்து, டிக்கெட் கட்டின் மேல் தலையை வைத்துத் தூங்கிப்போனார். விடியற்காலை டூட்டி. டைம்கீப்பர் எழுப்பவில்லை. ஐந்தாவது வாரம் மச்சானுக்கு ஓய்வு. பல் டாக்டரிடம் போகிறேன் என்று சொல்லி அனுப்பினார். வேறு நேரமே கிடைக்கவில்லையாம். கோபப்பட அதில் ஒன்றும் இல்லை. பல் வலிக்கு முன்னால் பாட்டு என்ன செய்யும்.

அந்த மாதத்தில் ஸ்டோர்காரர் ஓய்வு பெற்றார். நாற்பது வருடம் நட்டும் போல்ட்டும் எடுத்துக் கொடுத்தவர். சுவர்க்கடிகாரம் ஒன்றைக் கொடுத்து, பிஸ்கட் கொடுத்து, கைதட்டினார்கள். கைதட்டி முடிந்த பிறகும் ஸ்டோர்காரர் நாற்காலியை விட்டு எழுந்திருக்காமல் பாட்டுக்காரர்கள் வழக்கமாக நிற்கிற பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். அவர்கள் நான்கு பேரில் மூன்று பேர் அப்போது எங்கோ சாலையில் இருந்தார்கள். டைம்கீப்பர் தன் செருப்பைப் பார்த்தார். கடைசியில் ஸ்டோர்காரர், "சரி, கிளம்பறேன்பா," என்று கடிகாரத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு போனார். வாசல் கூண்டு வரை கூடவே வந்த டைம்கீப்பரிடம், "என்னைப் பத்திப் பாட அவ்வளவு இல்லன்னு எனக்கே தெரியும் சார்," என்றார். அதைச் சிரித்துக்கொண்டே சொன்னதுதான் தாங்க முடியவில்லை.

ஆறாவது வியாழன் யாரும் வரவில்லை. ஏழாவது வியாழனும் யாரும் வர வழியில்லை என்று டைம்கீப்பருக்குத் தெரியும். பட்டியல் போட்டவரே அவர்தானே. இருந்தும் இரண்டு மணிக்குப் போய் அறையைத் திறந்து உட்கார்ந்தார். பழக்கம். டயர் நாற்றம் ஜன்னல் வழியாக வந்தது. எழுதவில்லை, முணுமுணுக்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருந்தார்.

கதவு தட்டும் சத்தம் கேட்டது. பாட்டுக்காரர்கள் யாரும் அந்தக் கதவைத் தட்டியதில்லை.

சைலன்சர் நின்றிருந்தார். தலை வாரி, வேறு சட்டை போட்டிருந்தார்.

"என்னப்பா? சாவி ஏதாவது வேணுமா?"

"இல்ல சார். இன்னைக்கு வியாழக்கிழமை."

"ஆமா."

"மணி ரெண்டு."

"ஆமாப்பா, அதுக்கென்ன?"

"எனக்குக் காலை டூட்டி. முடிஞ்சிடுச்சு." சைலன்சர் அறைக்குள் எட்டிப் பார்த்தார். காலி பெஞ்சைப் பார்த்தார். "பாட்டு இருக்கும்னு நெனச்சேன். மத்தவங்க எல்லாம் வரலையா?"

டைம்கீப்பருக்கு ஒரு கணம் விளங்கவில்லை. பிறகு சைலன்சரின் கையில் இருந்த பள்ளிக்கூட நோட்டைப் பார்த்தார். ஓரம் சுருண்டு, உறை இல்லாமல், வருடக்கணக்கில் சட்டைக்குள் செருகியே வளைந்துபோன நோட்டு.

"நீ... பாட்டு எழுதுவியா?"

"வண்டியில போறப்ப. மனசுல வெச்சுக்குவேன். அணையில இருபது நிமிஷம் நிக்கும்ல, அப்ப எழுதிக்குவேன்."

"எத்தனை நாளா?"

"இங்க பாட்டு நடக்குதுன்னு கேள்விப்பட்டதுல இருந்து. ரெண்டு விசில் அக்கா சொல்லும், என் வண்டிக்கு வர்றப்ப. யாரு என்ன பாடினாங்க, யாரு வாயில இருந்து டிக்கெட் விழுந்துச்சுன்னு."

"அடப்பாவி, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? நான் பாத்து..."

"கேட்டேன் சார்."

"எப்ப?"

"ரெண்டாவது வருஷம். கூண்டுக்கு வந்தேன். வியாழக்கிழமை மட்டும் மாத்தித் தர முடியுமான்னு கேட்டேன்." சைலன்சரின் குரலில் குற்றச்சாட்டு இல்லை. "உனக்கு எதுக்குப்பா வியாழக்கிழமை, வீட்ல பொண்டாட்டியா காத்துக்கிட்டு இருக்கான்னீங்க. எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன்."

டைம்கீப்பருக்கு அது ஞாபகம் இல்லை. எவ்வளவு முயன்றும் ஞாபகத்துக்கு வரவில்லை. ஆனால் அந்த வாக்கியம் தன்னுடையதுதான் என்று தெரிந்தது. கூண்டில் உட்கார்ந்து அவர் அடிக்கிற ஜோக்கின் வாசனை அதில் இருந்தது.

"பாட்டுக்குன்னு சொல்லியிருந்தா..."

"அத்தனை பேரு நடுவுல எப்படி சார் சொல்றது?" என்றார் சைலன்சர். "அதான் ரொட்டேஷன் எழுதிக் குடுத்தேன். சுத்தி வந்தா எனக்கும் ஒரு வியாழக்கிழமை விழும்ல. ஏழு வாரத்துக்கு ஒண்ணு. போதும்னு நெனச்சேன்."

பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தார். இன்னும் நான்கு பேருக்கு இடம் விட்டு உட்கார்ந்ததைப் போல இருந்தது. "பாடட்டுமா சார்? வந்துட்டேன்ல."

பாடினார். குரல் தடித்திருந்தது, தயங்கியது. சுருதி ஒரு பக்கம் போனால் அவர் ஒரு பக்கம் போனார். முதல் எட்டு வரியில் நிலா வந்தது, பூ வந்தது, யாரோ ஒருத்தியின் விழி வந்தது. வானொலியில் கேட்டதையெல்லாம் ஒரு மூட்டையாகக் கட்டினது போல. மாமனாக இருந்தால் இந்நேரம் காதைக் குடைந்திருப்பார். ஒன்பதாவது வரியில் சைலன்சர் கண்ணை மூடிக்கொண்டார்.

கடைசி நிறுத்தம், இறங்க ஆளில்லை,
ஆனாலும் நிறுத்திக் கதவைத் திறக்கிறேன்.
காத்து ஏறுது, உக்கார இடம் பாக்குது,
எங்கே போகணும்னு அதுகிட்ட யார் கேப்பா?

அதற்குப் பிறகு மறுபடி நிலா வந்துவிட்டது.

டைம்கீப்பர் முப்பது வருடமாக வண்டிகளைப் பற்றி எழுதியிருக்கிறார். அறையின் ஐந்து பேரும் சேர்ந்து முப்பத்தொரு பாட்டு கட்டியிருக்கிறார்கள். அந்த நான்கு வரி அவர்களில் ஒருவருக்கும் வராது. அந்த நான்கு வரியைச் சுற்றி இருந்த குப்பையை ஒரே ஒரு வியாழக்கிழமை கூட்டித் தள்ளியிருக்கும். 'முதல் எட்டு வரியை வெட்டு, கடைசி நிறுத்தத்துல இருந்து ஆரம்பி' என்று கிரீஸ் சொல்லியிருப்பார். 'மெட்டை எறக்கு, இது படியேறுற பாட்டு இல்ல' என்று மாமன் சொல்லியிருப்பார். மூன்றாம் வாரம், நான்காம் வாரம் இந்த ஆள் எங்கேயோ போயிருப்பார். பதினோரு வருடம்.

சைலன்சர் பாட்டை முடித்தார். எழுந்து கட்டிலிருந்து ஒரு டிக்கெட்டைக் கவனமாகக் கிழித்தார். உதட்டில் கவ்விக்கொண்டார். கைகளை முழங்காலில் வைத்து, டைம்கீப்பரைப் பார்த்துக் காத்திருந்தார்.

டைம்கீப்பர் வாயைத் திறந்தார். எட்டு வரியை வெட்டு என்று சொன்னால், யார் வெட்டியிருக்க வேண்டும், எப்போது என்ற கேள்வி வரும். மெட்டை இறக்கு என்றால் அடுத்த வாரம் பாடிக் காட்டு என்று சொல்ல வேண்டும். அடுத்த வாரம் இல்லை. அவர் அதையும் பட்டியலில் எழுதியிருந்தார்.

"நல்லா இருக்கு," என்றார்.

டிக்கெட் விழவில்லை. சைலன்சர் இன்னும் சற்று நேரம் அதைக் கவ்விக்கொண்டே உட்கார்ந்திருந்தார், வேறு ஏதாவது வரும் என்பது போல. பிறகு எடுத்து, நான்காக மடித்து, சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"வரேன் சார்," என்றார். கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனார்.

வீட்டில் அன்று டைம்கீப்பர் எல்லாவற்றையும் மனைவியிடம் சொன்னார். மனைவி கேட்டு முடித்து, "என்கிட்ட சொல்லி என்னங்க ஆகும்?" என்றார். "அவர்கிட்ட சொல்லுங்க. திட்டணும்னா திட்டிட்டு வாங்க."

அந்த வாரம் முழுக்க டைம்கீப்பர் எழுதினார். சைலன்சரின் பாட்டை ஞாபகத்திலிருந்து எழுதி, வரிவரியாகப் பிரித்து, எது வேண்டும் எது வேண்டாம் என்று மூன்று பக்கம். அவர் தன் பாட்டுக்குக்கூட அவ்வளவு உழைத்ததில்லை. அடுத்த வியாழன் சுற்றில் சைலன்சருக்கு அணை வண்டி. இந்தத் தடவை நியாயப்படியே விழுந்திருந்தது. டைம்கீப்பர் அரைநாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, ஒன்று இருபது வண்டியில் ஏறி ஓட்டுநருக்குப் பின்னால் இருந்த முதல் இருக்கையில் உட்கார்ந்தார். முப்பது வருடமாக அந்த வண்டிக்குக் கோடு போட்டவர். அதில் ஏறியது அதுதான் முதல் தடவை.

சைலன்சர் திரும்பிப் பார்க்கவில்லை. வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு வண்டியை எடுத்தார். பழைய வண்டி, என்ஜின் ஓட்டுநர் பக்கத்திலேயே பெட்டிக்குள் இருந்து அலறியது. 'ஓட்டுநருடன் பேசாதீர்கள்' என்று மேலே எழுதியிருந்தது, பேசினாலும் கேட்டிருக்காது. ஊர் தாண்டி, கடைகள் குறைந்து, சாலை நீளமானதும் டைம்கீப்பர் தற்செயலாக உள்கண்ணாடியைப் பார்த்தார்.

சைலன்சரின் உதடு அசைந்துகொண்டிருந்தது.

பாடிக்கொண்டிருந்தார். கழுத்து நரம்பு தெரிந்தது. வாய் நன்றாகத் திறந்து மூடியது. அறையில் தயங்கின ஆள் இல்லை இது. வளைவில் ஸ்டியரிங்கை ஒடிக்கிறபோது தலையும் மெட்டோடு சாய்ந்தது. டைம்கீப்பர் முன்னால் குனிந்து, கம்பியைப் பிடித்து, காதை நீட்டினார். என்ஜின் மட்டும்தான் கேட்டது. உதட்டைப் பார்த்து வார்த்தையைப் பிடிக்க முயன்றார். 'காத்து' என்பது போல ஒரு தடவை இருந்தது. பதினோரு வருடம், வியாழக்கிழமை தவறாமல், இரண்டு மணியிலிருந்து இந்த ஆள் இங்கே பாடிக்கொண்டிருந்திருக்கிறார். அதே நேரத்தில் டிக்கெட் அறையில் அவர்கள் ஐந்து பேர்.

ஒவ்வொருவராக இறங்கிப் போனார்கள். நடத்துநர் பின் இருக்கையில் கண்ணயர்ந்தார். கடைசி நிறுத்தத்தில் வண்டி நின்று, கதவு திறந்தது. இன்றைக்கு இறங்க ஒரு ஆள் இருந்தது.

"என்ன சார் இந்தப் பக்கம்?" சைலன்சர் துண்டால் முகத்தைத் துடைத்தார்.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். அன்னைக்கு நல்லா இருக்குன்னு சொன்னேன்ல, அது தப்பு."

"தெரியும் சார்."

"நான் உன்னைத் திட்டியிருக்கணும்பா."

"ஆமா சார்." அணைச் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். தண்ணீர் மிகவும் கீழே, பழுப்பாக நின்றது.

டைம்கீப்பர் மூன்று பக்கத்தையும் நீட்டினார். சைலன்சர் வாங்கி, முதல் பக்கத்தை மேலோட்டமாகப் பார்த்தார். மடித்து, மரியாதையாக இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தார்.

"இப்ப எதுக்கு சார்? நோட்டையெல்லாம் கட்டிப் பரண்ல போட்டுட்டேன்."

"வழியெல்லாம் பாடிக்கிட்டு வந்தியேப்பா. நான் பாத்தேனே."

சைலன்சரின் முகம் மாறியது. குளித்துக்கொண்டிருக்கும்போது யாரோ கதவைத் திறந்துவிட்டது போல. "எங்க சார் பாத்தீங்க?"

"கண்ணாடியில."

அவர் வண்டிப் பக்கம் திரும்பி, அந்தக் கண்ணாடியைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"அது சும்மா," என்றார். "யாரும் கேக்கலன்னு நெனச்சுக்கிட்டுச் செய்யறது. அதப் போயி..." துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார். "வண்டி எடுக்கணும் சார். ஏறுங்க."

திரும்பும்போது டைம்கீப்பர் வேண்டுமென்றே பின்னால் தள்ளி உட்கார்ந்தார். ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பாலம் வந்தது, செங்கல் சூளை வந்தது, ஊர் எல்லைப் பலகை வந்தது. ஒவ்வொரு இடத்திலும் ஒரு தடவை, தன்னையும் மீறி, கண்ணாடியைப் பார்த்தார். சைலன்சரின் உதடு ஒட்டியிருந்தது. ஒரு மணி ஐம்பது நிமிடமும் அது அசையவில்லை.

ஐந்தரைக்கு வண்டி பணிமனை வாசலில் நுழைந்தது. மதியக் கூண்டுக்காரர் கடிகாரத்தைப் பார்த்து, கோடு ஒன்றைப் போட்டு, "கரெக்ட் டைம்!" என்று சத்தமாகச் சொன்னார்.